குரல் தேர்வு

ஐந்தாம் படிவம் முடித்த மாணவி ஒருத்தி, சென்ற ஆண்டு தன் தந்தையாருடன் ஜெஞ்சாரோமில் உள்ள என் இல்லத்திற்கு வந்தாள். ஒலிபரப்புத் துறையில் பயில வேண்டும் என்பது அவள் விருப்பம். தந்தையார், செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர். "ஐயா, பேசுற தொழில் சோறு போடுமா? அதுவும் நம்ம ஊருப் பிள்ளைய யாரு சேர்த்துக்குவாங்க?" என்று வினவினார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. மறு வாரம் வருமாறு சொல்லியனுப்பினேன்.

அவருடைய இரண்டாம் வினாவே என் நெஞ்சை உறுத்தியது. அதனை எண்ணியிருந்தபோது, முன்பு படித்த மான்செஸ்டர் நகரத்துச் செய்தியொன்று நினைவுக்கு வந்தது. பிரிட்டனில் 1955 இல் தனியார் தொலைக்காட்சி தோன்றியபோது நாட்டை வட்டாரங்களாகப் பகுத்து நிறுவனங்களுக்கு வழங்கினர். சிட்னி பெர்ன்ஸ்டைன் என்பவர் வட இங்கிலாந்தையே விரும்பிப் பெற்று, 1956 மே 3 ஆம் நாள் கிரானடா தொலைக்காட்சியைத் தொடங்கினார். ஆலைப் புகை படிந்த தொழிலாளர் பகுதி அது.

அங்கே டோனி வாரன் என்னும் இளைஞர் எழுத்துப் பணியில் இருந்தார். தாம் வளர்ந்த பகுதியின் நெருக்கமான தெரு, முனையிலுள்ள மதுக்கடை, வாயாடிப் பெண்கள், இலண்டன்காரர் எள்ளி நகையாடும் வடபுலத்துப் பேச்சு ஆகியவற்றைக் கொண்டே ஒரு நாடகத் தொடர் எழுத முனைந்தார். இதனை யார் பார்ப்பார் என்று நிறுவனத்துள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. முதலில் 13 பகுதிகளுக்கே இசைவு கிடைத்தது. 1960 டிசம்பர் 9 அன்று 'காரனேஷன் ஸ்ட்ரீட்' ஒளியேறியபோது வாரனுக்கு வயது 24. அத்தொடர் இன்றும் முடியவில்லை!

மைக்கேல் ஆப்டெட் அங்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். 1964 இல் 'செவன் அப்' என்னும் ஆவணப் படத்திற்காக ஏழு வயதுக் குழந்தைகளைத் தேடித் தருவது அவருக்கு இடப்பட்ட வேலைகளுள் ஒன்று. பின்னர் அக்குழந்தைகளையே ஏழாண்டுக்கு ஒருமுறை, 2019 வரை, தாமே இயக்கிப் படமெடுத்தார். இடையே 1999 இல் ஜேம்ஸ் பாண்ட் படமொன்றையும் இயக்கினார்.

இவற்றையெல்லாம் நிறுவனத்தின் பெருந்தன்மை என்று கூற நான் ஒருப்படேன். தொலைக்காட்சி அன்று புதிது. தேர்ந்த ஆட்கள் குறைவு. தேவையே கதவைத் திறந்தது. எனினும், திறந்த கதவின் வழியே தம் ஊர்ப் பேச்சோடு நுழைந்தார் வாரன். அத்துணிவு அவருடையது.

நம் நாட்டிலும் அத்தகைய கதவு ஒன்று திறந்தது. கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1940 இல் பிறந்த ரெ. கார்த்திகேசு, மலேசிய வானொலியில் ஒலிபரப்பாளராகத் தொழிலைத் தொடங்கினார். பின்னர்ப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் தொடர்புத் துறைப் பேராசிரியரானார். 1963 முதல் 1983 வரையிலான மலேசியத் தொலைக்காட்சி வரலாற்றை மலாய் மொழியில் அவர் எழுதிய நூலை, 1994 இல் டேவான் பகாசா டான் புஸ்தாகா வெளியிட்டது. 'வானத்து வேலிகள்', 'அந்திம காலம்' முதலிய நாவல்களைத் தமிழுக்குத் தந்து, 2016 இல் மறைந்தார்.

இத்துணையும் அறிந்திருந்தும் அன்று நான் வாய் திறவாமைக்குக் காரணம் வேறு. என் இளமையில், குரல் தேர்வுக்கு வருமாறு அங்காசாபுரியிலிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. கிள்ளான் பேருந்து நிலையம் வரை சென்றேன். என் தோட்டத்துப் பேச்சைக் கேட்டு நகைப்பார்களோ என்ற அச்சம் அங்கே பற்றிக்கொண்டது. திரும்பிவிட்டேன். எவரும் என்னை விலக்கவில்லை, நானே விலகினேன். ஆசிரியப் பணி எனக்கு நிறைவையே தந்தது. ஆயினும் அக்கடிதத்தை இன்றுவரை கிழித்தெறியவில்லை.

மறு வாரம் இருவரும் வந்தனர். கடிதத்தை எடுத்துத் தந்தையாரிடம் தந்தேன். நெடுநேரம் பார்த்திருந்தார். கார்த்திகேசுவைப் பற்றியும் கூறினேன். ஆறாம் படிவம் முடித்து அதே பல்கலைக்கழகத்திற்கு அவள் விண்ணப்பிக்கலாம் என்றேன். சோறு போடுமா என்ற வினாவுக்கு உறுதி கூற என்னால் ஆகாது என்பதையும் மறைக்கவில்லை.

அவர் கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்தார். "பினாங்குக்குக் கிள்ளான்லேயே பஸ் ஏறலாமா, ஐயா?" என்று மட்டும் கேட்டார்.