முதலில் உணவு

சீனத்தின் பண்டைய அரசமுறைகளை விவரிக்கும் 'சௌ லி' என்னும் நூல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. அரசவை மருத்துவர்களை அது நான்கு வகையினராகப் பிரிக்கிறது: உணவு மருத்துவர், நோய் மருத்துவர், புண் மருத்துவர், விலங்கு மருத்துவர். முதலிடம் உணவு மருத்துவருக்கே. அரசன் உண்பதும் பருகுவதும் பருவத்திற்கு ஏற்ப அமைகின்றனவா என்று பார்ப்பது அவர் கடமை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நோயாளரின் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்பவன் நான். கட்டிலருகே மாத்திரைப் பெட்டியையும் கஞ்சிக் குவளையையும் ஒருங்கே பார்த்துப் பழகிய எனக்கு, இந்த வரிசை நெடுநாள் சிந்தனைக்குரியதாயிற்று.

தாங் அரசர் காலத்தில் வாழ்ந்த சுன் சிமியாவோ என்னும் மருத்துவரை இங்கே நினைக்க வேண்டும். சிறுவயதில் ஓயாத நோயாளியாக இருந்ததால், மருந்துச் செலவிலேயே குடும்பச் சொத்து கரைந்துபோயிற்று என்று அவரே எழுதியிருக்கிறார். மனித உயிர் ஆயிரம் பொன்னினும் மேலானது என்ற கருத்தையே பெயராகச் சூட்டி, 652-ஆம் ஆண்டளவில் 30 சுருள்கள் கொண்ட பெருநூலை இயற்றினார். அவற்றுள் 26-ஆவது சுருள் முழுவதும் உணவைப் பற்றியது. மருத்துவன் முதலில் நோயின் வேரை அறிய வேண்டும். பின்பு உணவால் ஆற்ற முயல வேண்டும். உணவால் ஆகாதபோது மருந்தைக் கையாள வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. மருந்தைப் போர்வீரருக்கு ஒப்பிடுகிறார் அவர். படை நாட்டைக் காக்கும். கட்டுமீறினால் அதே நாட்டைச் சூறையாடும். முன்கழுத்துக் கழலைக்குக் கடற்பாசியைக் கொடுத்தவரும் அவரே. அயோடின் என்ற சொல் பிறக்க இன்னும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருந்தது!

நூலில் இருப்பது அடுக்களையில் எவ்வாறு வாழ்கிறது என்பதை, உரோமையில் என்னோடு பயின்ற ஒரு குருவிடமிருந்து அறிந்தேன். அவர் பினாங்கைச் சேர்ந்த காந்தோனியச் சீனர். அவருடைய தாயார் எழுத்தறியாதவர்; ஆனால் எந்த உணவு சூடு, எது குளிர்ச்சி என்ற கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தவர். வெயில் காலத்தில் வெண்பூசணிச் சாறும் சாமந்திப்பூ நீரும். மழையில் நனைந்து வந்தால் இஞ்சியும் கருப்பட்டி போன்ற பழுப்புச் சர்க்கரையும். குழந்தை பெற்றவளுக்கு ஒரு மாதம் முழுவதும் ஓய்வு. இஞ்சியும் கருங்காடியும் சேர்த்து வேகவைத்த பன்றிக் கால். அதை உற்றாருக்கும் பங்கிட்டுக் கொடுப்பார்களாம். நோயாளிக்கோ குழைய வெந்த அரிசிக் கஞ்சி. நம்முடைய 'கஞ்சி' என்னும் சொல்லே போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்தில் புகுந்து, இன்று சீனரின் கஞ்சிக்கும் உலகெங்கும் பெயராக நிற்கிறது என்று நான் சொன்னபோது, அவர் நம்பவில்லை. அகராதியைப் புரட்டிப் பார்த்த பின்னரே சிரித்தார்.

சூடு, குளிர்ச்சி என்னும் இக்கணக்கை இன்றைய அறிவியல் அப்படியே ஏற்பதில்லை. நானும் அதற்காக வாதாட வரவில்லை. ஆனால் 'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டவுடன் அச்சம் விலகிவிடும் நம் மனப்போக்கைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் பிரசெல்சு நகரில், உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. 'ஃபாங்ஜி' என்று பெயர் கொண்ட ஒரு மூலிகைக்குப் பதிலாக, அதே பெயர் ஒட்டிய வேறொரு நச்சுச் செடி கலந்துவிட்டதே காரணம். மறுபக்கம், நான்காம் நூற்றாண்டுச் சீனரான கே ஹோங்கின் குறிப்பைப் படித்த தூ யூயூ அம்மையார், மாசிப்பச்சை இனத்துச் செடியொன்றிலிருந்து மலேரியாவுக்கு மருந்து கண்டார். 2015-இல் நோபல் பரிசும் பெற்றார். அதுவும் அடுப்பங்கரையில் நிகழ்ந்ததன்று. செடியைக் கொதிக்கவிடாமல் பிழியச் சொன்ன ஒரு வரியின் பொருளை உணர்ந்து, ஆய்வுக்கூடத்தில் பலமுறை முயன்று, முதலில் தாமே உட்கொண்டு பார்த்த பிறகே நோயாளருக்குக் கொடுத்தார்.

என் நண்பரின் தாயார் இவற்றையெல்லாம் கேள்விப்பட்டவரல்லர். எனினும் சுன் சிமியாவோ சொன்ன வரிசை அவருக்குத் தெரிந்திருந்தது. கணவர் ஈரல் நோயால் மருத்துவமனையில் கிடந்தபோது, வழக்கமாகச் சாற்றில் இடும் மூலிகைப் பொட்டலங்களை அவர் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். மருத்துவர் ஒவ்வொன்றாக விலக்கி, சீன இலந்தையை மட்டும் விட்டுவைத்தார். உப்பும் கூடாது என்றார். தாயார் மறுமொழி சொல்லவில்லை. உப்பில்லாத குறையை ஈடுசெய்ய, கோழியும் தாமரைக் கிழங்கும் இட்ட சாற்றை இன்னும் இரண்டு மணி நேரம் சிறுதீயில் வைத்தார். எலும்பின் இனிப்பு இறங்கட்டும் என்பாராம். அடுக்குச் சட்டியில் ஊற்றி, இரண்டு பேருந்து மாறிக் கொண்டுபோவார்.

கடைசி வாரங்களில் தந்தையால் விழுங்க இயலவில்லை. "இனி எதற்கம்மா இவ்வளவு சிரமம்?" என்று மகன் கேட்டதற்கு, "மருந்தை அவர்கள் நிறுத்தலாம். சோற்றை நான் எப்படி நிறுத்துவேன்?" என்று மட்டும் கேட்டார். சாற்றில் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவார். மிஞ்சியதை, பார்க்க எவரும் வராத அடுத்த கட்டில் முதியவருக்கு ஊற்றிக் கொடுப்பார்.

கணவரின் அடக்கம் முடிந்த நான்காம் நாள் அவர் மறுபடியும் அடுப்பு மூட்டினார். செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இம்முறை உப்புச் சேர்த்து, அந்த முதியவருக்கு அடுக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினார்.