கல்லுக்கு நடுவே மரம்

பளிங்குத் தரையில் மரப்பட்டிகளைப் பதிப்பது அழகான வேலை; அந்தத் தரையைப் பழுதுபார்ப்பதோ சிக்கலான வேலை. கல்லைத் தேய்க்கத் தண்ணீர் வேண்டும். மரத்துக்கு அந்தத் தண்ணீரே பகை.

யாழ்ப்பாணத்தில் எனது மச்சாளின் வீட்டு மண்டபத்தில் இத்தகைய தரையொன்று உண்டு. 1995 இடப்பெயர்வில் கைவிட்டுச் சென்ற பழைய வீடு இடிந்துபோயிற்று. 2002இல் போர்நிறுத்தம் வந்தபின் அதே வளவில் புதுவீடு எழுந்தபோது, எஞ்சியிருந்த முதிரைத் தூண்களை அறுத்து வெண்பளிங்குக் கற்களுக்கிடையே பதித்தார்கள். பழைய வீட்டில் மிஞ்சியது அந்த மரம் மட்டுமே.

காலப்போக்கில் மணலும் கதிரைக் கால்களும் கல்லின் பளபளப்பைத் தின்றுவிட்டன. அண்மையில் பழுதுபார்க்க வந்த ஒப்பந்தக்காரர், மரத்தைக் கழற்றிவிட்டு அவ்விடத்திலும் கல்லைப் பதித்தால் வேலை சுலபம் என்றார்.

"கல்லைக் கடையில வாங்கலாம் மச்சான். அம்மா சாய்ஞ்சிருந்த தூணை எங்க வாங்கிறது?" என்று என்னிடம் கேட்டார் மச்சாள்.

அடுத்து வந்தவர் வயதான மேசனார். ஆபத்துகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். ஈரம் குடித்த மரம் நீளத்தில் அல்ல, அகலத்திலேயே பருக்கும்; கற்களுக்கிடையே இடமின்றி மேலெழும், அல்லது கல்லின் விளிம்பை நெருக்கும். தேய்க்கும்போது வரும் கற்சேறு மரத்தின் நுண்துளைகளில் புகுந்து வெண்மையாகக் காயும். பளிங்கை மினுக்கும் தூளில் ஒக்சாலிக் அமிலம் இருந்தால் மரத்தின் நிறம் வெளிறும். வைரத் தட்டு கல்லைவிட மரத்தை விரைவாகத் தின்று பள்ளமாக்கும்.

ஆகவே, முதலில் மரத்தைத் துடைத்துக் காயவிட்டு, பொருத்துகளும் மூடும்படி இருமுறை வார்னிஷ் பூசினார். அது இறுகியபின் மேலே ஒட்டுநாடா. நாடா கிளம்பிய போதெல்லாம் புதிது. பெரிய இயந்திரம் பட்டிக்கு ஒரு சாண் தள்ளியே ஓடியது. விளிம்பைக் கைத்தட்டினால், ஈரத்துணியளவு தண்ணீரோடு தேய்த்தார். சேற்றை உடனுக்குடன் உறிஞ்சி எடுத்தார். அமிலத் தூளைத் தொடவேயில்லை. கல்வேலை முடிந்து பத்து நாள் உலரவிட்ட பின்னரே மரத்தின் ரேகையோடு உப்புத்தாள் தேய்த்து எண்ணெய் பூசினார்.

புதுப்பித்தல் என்றாலே பழையதை அகற்றுவது என்று விளங்கிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. போர் விட்டுவைத்ததைத் திருத்த வேலை அழித்துவிடக் கூடாது. இப்படியொரு தரை உங்களிடம் இருந்தால், வேலைக்கு வருபவரிடம் கூலியைப் பேசுமுன் ஒன்றைக் கேளுங்கள்: தண்ணீரை எப்படித் தடுக்கப் போகிறீர்கள்?