தோடர் மந்தில் ஒரு பகல்

கோடை வந்துவிட்டால் சென்னைவாசிகளுக்கு மலைமீது திடீரென்று பக்தி பிறந்துவிடுகிறது. அசோக் நகர்வாசிகளான நாங்கள் மட்டும் அதற்கு விலக்கா? மின்சார விசிறி அனலைச் சுழற்றத் தொடங்கியதும், குடும்ப சகிதமாய் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். 1899-ல் குன்னூரை எட்டி, 1908-ல் உதகைக்கு வந்து சேர்ந்த பாதை அது. 46 கிலோமீட்டரையும் அவசரமின்றி ஏறி முடித்தது.

உதகையில் எல்லோரும் செய்வதை நாங்களும் குறைவின்றிச் செய்தோம். ஏரியில் படகு விட்டோம். தொட்டபெட்டாவில் நின்று குளிரில் நடுங்கினோம். ஆனால் நேயர்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது மறுநாள் நடந்ததைத்தான்.

தாவரப் பூங்காவைப் பார்த்த கையோடு தோடர்களையும் 'பார்த்துவிட்டு' வருவது பிரயாணிகளின் வழக்கம். பூச்செடியையும் மனிதரையும் ஒரே ஜாபிதாவில் சேர்ப்பது எங்களுக்கு ருசிக்கவில்லை. ஆகையால் நண்பர் ஒருவர் மூலம் முன்கூட்டியே சொல்லியனுப்பி, சற்றுத் தொலைவிலிருந்த ஒரு மந்துக்கு விருந்தாளிகளாகவே போனோம்.

மந்து என்பது தோடர்களின் சிற்றூர். பீப்பாயை நெடுக்கில் பிளந்து கவிழ்த்தாற்போன்ற பழைய வீடு ஒன்று நின்றது; குனிந்து தவழ்ந்தால்தான் உள்ளே போகலாம். அப்பால் தெரிந்த பால்மனையே அவர்களுக்குக் கோயில், அந்நியர் நெருங்கலாகாது. எருமைதான் அவர்கள் செல்வம், வழிபாடு எல்லாம்.

வாசலில் ஒரு மூதாட்டி வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாய்ப் பூவேலை செய்துகொண்டிருந்தார். மாதிரிப் படம் ஏதுமில்லை. இழைகளை எண்ணியே ஊசி ஓடிற்று. இந்தத் தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

"படம் எடுக்கலாமா, பாட்டி?" என்று எங்கள் பையன் கேட்டான்.

"கேட்டாயே, அதுவே போதும். எடுத்துக்கொள், தம்பி" என்றார் அவர். அமெரிக்காவில் பென்ஸில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில், குதிரை வண்டியில் செல்லும் ஆமிஷ் மக்களையும் பிரயாணிகள் வேடிக்கை பார்க்கிறார்கள். படத்துக்கு நிற்பதை அவர்கள் சமயமே விரும்புவதில்லை. வேடிக்கைப் பொருளாவது எந்த நாட்டிலும் இனிய அனுபவமல்ல போலும்.

பையன் விடவில்லை. "இந்த அழகான வீடு இருக்க, நீங்கள் ஏன் சிமெண்டு வீட்டில் இருக்கிறீர்கள்?"

"வேய்வதற்குப் புல் வேண்டாமா, தம்பி? அது சதுப்பு நிலத்தில் வளர்வது. அங்கெல்லாம் இப்போது மரமாகிவிட்டதே!"

அந்த ஒரு வாக்கியத்தில் நீலகிரியின் சரித்திரமே அடங்கியிருந்தது. அம்மலையின் மேட்டுநிலம் ஆதியில் புல்வெளியும், பள்ளங்களில் சோலையுமாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விறகுக்காக ஆஸ்திரேலியாவின் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின்னும், ஆலைகளின் தேவைக்காக நாமே அதைத் தொடர்ந்தோம். "என்ன இயற்கை!" என்று பிரயாணிகள் வியக்கும் தோப்புகளில் பல, எருமைகளின் மேய்ச்சலை விழுங்கி எழுந்தவை.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தோடர்கள் சுமார் 2,000 பேர். அவர்களுக்கெனத் தனி மொழி உண்டு. எழுத்தில்லாத அம்மொழியின் பாடல்களைத் திரட்டி, எமனோ என்ற அறிஞர் 1971-ல் பெரிய நூலாகவே வெளியிட்டார். பாட்டைப் புத்தகத்திலும் போர்வையைக் காட்சிசாலையிலும் காப்பாற்றிவிடலாம். புல்லையும் எருமையையும் மலையில்தான் காப்பாற்ற முடியும். அந்நியன் நட்டதைக் குறைகூறும் உரிமை, மிஞ்சிய புல்வெளியைப் பேணுகிற சுதந்திர தேசத்துக்கே உண்டு.