நாலு காலுக்கும் செருப்பில்லை!

தமிழ்நாட்டில் மே மாத மத்தியான வெயிலில் செருப்பில்லாமல் நடப்பவர்கள் மூன்றே வகைதான். ஒன்று, கோயில் பிராகாரத்தில் மாட்டிக்கொண்ட பக்தர்கள். இரண்டு, கோயில் வாசலில் செருப்பைப் பறிகொடுத்தவர்கள். மூன்று, நாய்கள்.

முதல் இரண்டு வகையினருக்கும் ஏதோ ஒரு வழி பிறந்துவிடும். பிராகாரத்தில் தேங்காய் நார் விரிப்பு போடுகிறார்கள். வெயிலைத் திருப்பியனுப்புகிற வெள்ளைப் பெயின்ட்டைப் பாதை மாதிரி அடித்து வைக்கிறார்கள். அதுவும் இல்லாத கோயில்களில் நம் ஜனங்கள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டத்துக்கு ஒலிம்பிக்கில் ஒரு பிரிவு வைத்தால் தங்கம் நமக்குத்தான். செருப்பைப் பறிகொடுத்தவர் எதிர்க்கடையில் புதுசு வாங்கிக்கொள்வார் (அல்லது பக்கத்தில் கிடக்கிற இன்னொருவர் செருப்பை... வேண்டாம், கோயில் விஷயம்). மூன்றாவது வகைக்குத்தான் கேட்க நாதியில்லை. "நாய்க்கு ஏது சார் சூடும் சொரணையும்?" என்று விட்டுவிடுகிறோம்.

அடியேன் வசிப்பது சங்கரன்கோவிலில். 2019-ல் எங்கள் ஊரைத் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரித்துத் தென்காசி மாவட்டத்தில் சேர்த்தார்கள். 'தென்காசி' என்றதும் சாரல், குற்றாலம் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு யாரும் பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். மாவட்டம் மாறியதே தவிர வெயில் மாறவில்லை!

வடக்கே கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் ராஜபாளையம். ஆகவே எங்கள் பக்கத்தில் ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய் வைத்திருப்பது வாசலில் கார் நிறுத்தி வைத்திருப்பதற்குச் சமம். லேசுப்பட்ட ஜாதியில்லை. 2005 ஜனவரியில் நமது தபால் துறை நாலு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. உங்கள் முகமோ என் முகமோ ஸ்டாம்பில் வந்திருக்கிறதா? ரேஷன் கார்டில்கூடச் சரியாக வரவில்லை.

என் பெரியப்பாவிடம் அப்படி ஒரு ராஜபாளையம் இருக்கிறது. பெயர் வெள்ளையன். ('அது' என்று சொன்னால் பெரியப்பா காபி தரமாட்டார். ஆகவே இனி 'அவன்'.) பெரியம்மா காலமாகி மூன்று வருஷமாகிறது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். ரிட்டயரான பெரியப்பா இப்போது வாய்விட்டுப் பேசுவது இரண்டு பேரிடம்தான். காலையில் அரை மணி நேரம் செய்தித்தாளிடம் - அது திட்டு. மீதி நாள் முழுக்க வெள்ளையனிடம் - அது கொஞ்சல்.

போன மே மாதம் ஒருநாள் பெரியப்பாவிடமிருந்து போன். "ஏல, வெள்ளையனுக்கு என்னமோ சோம்பேறித்தனம் பிடிச்சிருக்கு. எந்திரிக்கவே மாட்டேங்கான். பாதத்தையே நக்கிட்டுக் கெடக்கான். நீ கொஞ்சம் வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். காலைத் திருப்பியதும் வயிற்றைப் பிசைந்தது. உள்ளங்காலின் கறுப்புத் தோல், சுட்ட கத்தரிக்காய்த் தோல் மாதிரி மேலெழும்பி நிற்கிறது. உள்ளே ரோஜா நிறத்தில் சதை. நாலு காலிலும்.

விசாரித்ததில், முந்தின நாள் மத்தியானம் பென்ஷன் விஷயமாக பாங்க்குக்குப் போயிருக்கிறார். கூடவே சங்கிலியில் வெள்ளையன். போகிறபோது பதினொன்று, திரும்புகிறபோது பன்னிரண்டரை. புதுசாய்த் தார் போட்ட ரோடு. பெரியப்பா காலில் நல்ல தடிமனான தோல் செருப்பு.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கேட்டார், "ரோட்ல எத்தனை மணிக்கு நடத்திக் கூட்டிட்டு வந்தீங்க?"

பெரியப்பா அசரவில்லை. "அது கெடக்கட்டும் டாக்டர். நாய்ப் பாதம் செருப்புத் தோலு மாதிரிலா இருக்கும்? அதுல எப்படிச் சூடு ஏறும்?"

"செருப்புத் தோல் செத்த தோல், பெரியவரே. இது உசுருள்ள தோல்."

பெரியப்பா அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிக்கிறோம். அதற்கு வலிப்பதில்லை. ஏனென்றால் குளம்பின் வெளிப்பாகம் நம் நகம் மாதிரி; உணர்ச்சி கிடையாது. நாயின் பாதம் அப்படியில்லை. மேலே சொரசொரப்பான தடித்த தோல், அதன் கீழே மெத்தை மாதிரிக் கொழுப்பு, நடுவே ரத்தக் குழாய்களும் நரம்புகளும். நாய்க்கு வியர்ப்பதே பெரும்பாலும் அந்த உள்ளங்காலில்தான், அதுவும் கொஞ்சம்தான். உடம்புச் சூட்டைத் தணிக்க அவனுக்கு இருக்கிற முக்கியமான வழி, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பது. வியர்த்துக் கொட்டி ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஃபைல் பார்க்கும் நாம் எவ்வளவோ கொடுத்து வைத்தவர்கள்.

"பனியில் எல்லாம் நாய் நடக்கிறதே சார்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 2011-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அதற்கு விடை கண்டார்கள். நாயின் பாதத்தில் சூடான ரத்தம் கொண்டுவரும் குழாயும் குளிர்ந்த ரத்தம் திரும்பும் குழாயும் ஒட்டி உரசிக்கொண்டு போகின்றன. வருகிற சூடு திரும்புகிற ரத்தத்துக்குக் கைமாறிவிடுகிறது. அதனால் பனிக்கட்டியில் நின்றாலும் உடம்பு சில்லிட்டுப் போவதில்லை. ஆனால் இந்த ஏற்பாடு குளிருக்குத்தான். கொதிக்கிற தாருக்குக் கடவுள் ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. படைக்கும்போது அவருக்குத் தார் ரோடு தெரியாது, பாவம்.

தார் ரோடு எவ்வளவு சுடும்? 1970-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. நல்ல வெயிலில், காற்றின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதே தார்ச் சாலை 52 டிகிரி காட்டியிருக்கிறது. காற்று 31 டிகிரி ஆனபோது தார் ஏறக்குறைய 62. எங்கள் ஊரில் 31 டிகிரியெல்லாம் மே மாதக் காலை ஆட்டத்துக்கு முன்பே வந்துவிடும் சங்கதி.

1947-ல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தோல் வெந்துபோக எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் பார்த்தார்கள். 44 டிகிரியில் சுமார் 6 மணி நேரம். 60 டிகிரியில் சுமார் 5 விநாடி! அது மனிதத் தோலுக்கும் பன்றித் தோலுக்கும் போட்ட கணக்கு. நாயின் பாதம் இன்னும் தடிமன். கூடுதலாகக் கொஞ்சம் தாங்கும். ஆனால் பாங்க்கிலிருந்து வீடு வரைக்கும் தாங்காது.

நான் பி.காம். படித்தவன். அந்தப் பாஷையில் சொல்வதானால், தார் ரோடு என்பது ஒரு ஃபிக்சட் டெபாசிட். கறுப்பாக இருப்பதால் விழுகிற வெயிலில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிப் போட்டுக்கொள்கிறது. சூரியன் பிராஞ்சை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகும், ராத்திரி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வட்டி கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஆபீஸ் விட்டு ஆறு மணிக்கு வந்து, 'வெயில் தாழ்ந்தாச்சு' என்று நாயைக் கிளப்பும் இளைஞர்களே, அவசரப்படாதீர்கள். தாழ்ந்தது வெயில்தான். ரோடு இன்னும் தாழவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் பெரியப்பா மெல்ல வாயைத் திறந்தார். "எங்க காலத்துல எந்த நாய்க்குல இந்த மாதிரி ஆச்சு? அதுவும் வெயில்லதானல சுத்திட்டு அலைஞ்சுது?"

வாஸ்தவமான பேச்சு. இரண்டு நாள் யோசித்தேன். அவர் காலத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்கள் பெரும்பாலும் மண். ஓரத்தில் வேம்போ புளியோ நிற்கும். மண் சுடாதென்றில்லை, ஆனால் ஒதுங்க நிழல் இருந்தது. அதைவிட முக்கியமான ஒன்று, அந்த நாய்களுக்குக் கழுத்தில் சங்கிலி இல்லை.

இன்றைக்கும் எங்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மத்தியானம் ஒரு மணிக்கு வந்து பாருங்கள். நடு ரோட்டில் ஒரு நாய் நிற்காது. எல்லாம் டீக்கடை பெஞ்சுக்கு அடியில், நிற்கிற லாரிக்குக் கீழே, சாக்கடை ஓரத்து ஈரத்தில். தெரு நாய்க்கு வெயில் சாஸ்திரம் நம்மைவிட நன்றாகத் தெரியும். கால் வெந்துபோவது பெரும்பாலும் இன்னொருவர் கையில் சங்கிலியைக் கொடுத்துவிட்ட நாய்க்குத்தான். 'எசமான் கூப்பிடுகிறார், போகணும்' என்று அவன் வருகிறான். சுடுகிறது என்று சொல்ல வாயில்லை. நிழலுக்கு ஓட சங்கிலி விடாது. மொட்டை மாடியில் சிமென்ட் தளத்தில் கட்டிப்போடப்பட்ட நாயின் கதி இதைவிட மோசம். அதற்கு நடக்கவும் முடியாது.

1960-ல் வந்த மிருக வதைத் தடுப்புச் சட்டத்தில், நாயை எந்நேரமும் கட்டிப்போட்டு வைப்பதும், தண்ணீரும் ஒதுங்க இடமும் தராமல் விடுவதும் குற்றம் என்றே எழுதியிருக்கிறார்கள். முதல் தடவைக்கு அபராதம், அன்றைக்கு எழுதியபடி, 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. எங்கள் ஊரில் அரை பிளேட் பிரியாணிக்குக்கூட அது காணாது. ஆகவே சட்டத்தை நம்பிப் பிரயோசனமில்லை. நம் உள்ளங்கையை நம்பலாம்.

அதுதான் சோதனை. புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு வரை நிதானமாக எண்ணுங்கள். எடுக்காமல் இருக்க முடிந்தால் நாயைக் கூட்டிப் போகலாம். மூன்றிலேயே 'ஆ' என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். 'சில்லறை விழுந்துடுச்சு சார்' என்று சமாளித்துக்கொள்ளுங்கள்.

நடையை விடிந்ததும் வைத்துக்கொள்வது உத்தமம். ரோட்டோரம் மண்ணோ புல்லோ இருந்தால் அதில் நடத்துங்கள். மாடியில் கட்டியே தீரவேண்டும் என்கிறவர்கள் அந்தப் பழக்கத்தை மே மாதத்துக்காவது விட்டுவிட்டுக் கீழே நிழலில் கட்டலாம். காலுக்கடியில் நனைத்த சாக்கு, பக்கத்தில் மண் சட்டியில் தண்ணீர். செலவு ஒன்றும் பெரிதில்லை.

கால் சுட்டுவிட்டால்? நொண்டுவான், பாதத்தையே நக்குவான், நடக்க மாட்டான். உடனே பத்திருபது நிமிஷம் சாதாரண குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். பேனா மை, பற்பசை, நம் வீட்டு ஆயின்மென்ட் ஒன்றும் வேண்டாம். தடவியதை அவன் நக்கித் தின்றுவிடுவான். நம் தலைவலி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கிற கைவைத்தியம் நாயின் உயிருக்கே ஆபத்து. நேராகக் கால்நடை டாக்டரிடம் போங்கள்.

செருப்புக்கும் வருகிறேன். நாய்க்கு ஷூ உண்டு. 2018-ல் சுவிட்சர்லாந்தில் ஸூரிச் நகரப் போலீஸ், வெயில் கடுமையானபோது தங்கள் நாய்களுக்கே ஷூ மாட்டிவிட்டார்கள். ஊர் மக்களையும் அப்படிச் செய்யச் சொன்னார்கள். காயம் ஆறியபின் வெள்ளையனுக்கும் ஒரு செட் வரவழைத்தேன். மாட்டிவிட்டதும் ஒவ்வொரு காலாக இரண்டடி உயரம் தூக்கி வைத்து, சந்திரனில் இறங்கியவன் மாதிரி முற்றத்தைச் சுற்றி வந்தான். பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். பெரியம்மா போனதற்கப்புறம் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஷூவை நாள் முழுக்க மாட்டி வைக்கக்கூடாது. அவனுக்கு வியர்க்கிற இடமே அதுதான். போய் வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

காயம் ஆற மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் வெள்ளையனைத் தரையில் நடக்க விடவில்லை. 28 கிலோ. ஒரு நாளைக்கு நாலு தடவை அவனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் வந்தது 72 வயசுப் பெரியப்பாதான். "நான் தூக்குதேன் பெரியப்பா" என்றால் கேட்கமாட்டார்.

"சும்மா இரில. உச்சி வெயில்ல வெளிய போகாதீக, போகாதீகன்னு உங்க பெரியம்மா நாப்பது வருஷம் சொன்னா. எனக்கு உறைக்கல. இவன் காலுல சுட்டுத்தான் எனக்கு உறைக்கணும்னு இருந்திருக்கு."

எங்கள் ஊர் கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவமிருந்தவள். ஆடித்தபசு சமயத்தில் கோயிலை 108 தடவை சுற்றுகிற 'ஆடிச்சுற்று' இங்கே பிரசித்தம். அப்படிச் சுற்றினால், நின்று நின்று வலிக்கிற அம்மனின் கால் வலியை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் நம்புகிறார்கள். சாமியின் கால் வலியையே பங்கு போட்டுக்கொள்கிற ஜனங்கள் நாம். வாசலில் படுத்திருக்கிற பைரவர் வாகனத்துக்கு ஒரு ஈரச் சாக்கை விரித்துப் போடுவது நமக்கு அப்படி ஒன்றும் பெரிய பாரமாக இருந்துவிடாது.