வெண்கட்டி எப்படி உங்கட கைக்கு வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர்களும் கல்வியியற் கல்லூரிப் பிள்ளைகளும் நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

"மேற்பார்வை" என்று கேட்டாலே எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். வலயத்திலிருந்து வாகனம் வந்துவிட்டது என்று கேற்றடியில் நின்ற பிள்ளை ஓடிவந்து சொல்லும். பாடக்குறிப்பு எழுதாதவர்கள் எழுதியவர்களுடையதைத் தேடுவார்கள். வந்தவர்கள் பின்வாங்கில் இருந்து பார்த்து, லொக் புத்தகத்தில் நாலு வரி எழுதிவிட்டு, தேநீரும் குடித்துவிட்டுப் போவார்கள். அதோடு சரி.

அதனால் இரண்டு வருடத்துக்கு முதல், எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் ஒருவர், "மாதம் ஒருக்கா குழு மேற்பார்வை ஒன்று செய்வமா?" என்று கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். இருக்கிறது காணாதா என்று நினைத்தேன். அவவை நாங்கள் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவ சொன்ன மேற்பார்வை வேறு.

உளவளத்துணை செய்பவர்கள், சமூக சேவையாளர்கள், இப்போது கோச்சிங் செய்பவர்கள் என்று, இன்னொரு மனிதருக்குக் கைகொடுக்கும் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கூடி, தான் செய்த வேலையைத் தானே மற்றவர்கள் முன் எடுத்து வைப்பார்கள். புள்ளி போடுவதற்காக இல்லை. தனியே இருந்து யோசித்தால் தெரியாத ஒன்று நாலு பேர் இருக்கும்போது தெரியும் என்பதற்காக. 1950களில் லண்டன் டவிஸ்டொக் கிளினிக்கில் மைக்கல் பாலின்ற் என்ற ஹங்கேரிய வைத்தியர், சாதாரண குடும்ப வைத்தியர்களைச் சேர்த்து இப்படிக் குழு நடத்தினார். நோயாளியின் வருத்தம் என்ன என்பதோடு, அந்த நோயாளியைக் கண்டால் வைத்தியருக்கு உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் அங்கே பேசினார்கள். இன்றைக்கும் பாலின்ற் குழு என்ற பெயரில் பல நாடுகளில் நடக்கிறது. பல குழுக்களில் ஒரு நடைமுறை உண்டு. விசயத்தைச் சொன்னவர் பிறகு கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, வாயை மூடி, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார். ஆசிரியர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

எங்கள் குழுவில் ஐந்து பேர். எல்லோரும் கல்வியியற் கல்லூரியிலிருந்து மூன்றாம் வருடப் பயிற்சிக்கு வரும் மாணவ ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாக இருப்பவர்கள். சனிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு ஒரு பாடசாலை நூலகத்தில் கூடுவோம். இஞ்சிப் பிளேன்டீ, இரண்டு மணித்தியாலம், ஒரு நாளைக்கு ஒருவரின் விசயம். பிள்ளைகளின் பெயரோ மாணவ ஆசிரியர்களின் பெயரோ சொல்லக் கூடாது. சபையில் பேசுவது அமானிதம் என்பது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய ஒன்றில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்துவோம். அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அது குழுவுக்குள் கிடக்க ஏலாது, 1929க்குப் போய்த்தான் ஆக வேண்டும். இதை முதல் நாளே பேசி முடித்தோம்.

முதல் மூன்று கூட்டமும் வீண். சம்பள முரண்பாடு, இடமாற்றம், சுற்றுநிருபம் என்று போய்விட்டது. யாராவது ஒரு பிரச்சினையைச் சொல்ல வாய் திறந்தால், முடிக்க முதல் நாலு பேரும் மருந்து எழுதிவிடுவோம். "நான் என்றால் இப்படிச் செய்வேன்." பெரிய டீச்சர் கடைசியில் ஒரு சட்டம் போட்டா: முதல் அரை மணித்தியாலம் கேள்வி மட்டும். ஆலோசனை சொன்னால் அடுத்த முறை பிளேன்டீக்கு இஞ்சி நீங்கள் கொண்டுவர வேண்டும். அந்த வருடம் நான் கொண்டுபோன இஞ்சிக்கு ஒரு கணக்கு வைத்திருந்தால் நல்லது.

என் முறை வந்தபோது எனக்கு ஒதுக்கப்பட்டிருந்த மாணவ ஆசிரியையைப் பற்றிச் சொன்னேன். நல்ல பிள்ளை, ஆனால் துணிச்சல் இல்லை, கணிதத்திலும் தடுமாற்றம் என்று தொடங்கினேன். ஆதாரமும் வைத்திருந்தேன். தரம் 7, பின்னங்களைக் கூட்டுதல். அரையுடன் மூன்றில் ஒன்றைக் கூட்டினால் எவ்வளவு என்று கேட்கிறா. ஒரு பையன் ஐந்தில் இரண்டு என்கிறான். இவ அதைத் திருத்தாமல் அப்படியே பலகையில் எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்து நிற்கிறா. நான் பின்வாங்கில் இருந்து எழும்பிப் போய், ஆறில் ஐந்து எப்படி வரும் என்று செய்து காட்டினேன். அதற்குப் பிறகு இவ வகுப்பில் வாயே திறப்பதில்லை. என்னதான் செய்வது?

எங்கள் குழுவில் உள்ள சேர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. சட்டத்தை மறந்துவிட்டு, "டீச்சர், நீங்க இளக்காரம் குடுத்துட்டீங்க. முதல் கிழமையே இறுக்கிப் பிடிச்சிருக்கணும். நான் சொல்றன் கேளுங்க..." என்று தொடங்கினார். ஐந்து நிமிடம் பேசினார். நல்ல மனிதர், எனக்கு உதவத்தான் பேசினார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கோபம் கூட வரவில்லை. உள்ளுக்குள் ஏதோ மூடிக்கொண்டது. சரி, நீங்களே சொல்லுங்கள், இனி நான் எதற்கு என்ற மாதிரி.

பெரிய டீச்சர் அவரை மெல்ல நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டா: "மகள், அந்த வெண்கட்டி எப்படி உங்கட கைக்கு வந்தது?"

எனக்கு விளங்கவில்லை. "பலகையில எழுத எடுத்தன் டீச்சர்."

"எங்கிருந்து எடுத்தீங்க?"

அவவுடைய கையிலிருந்து. தரம் 7 பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர் பார்த்திருக்க, அவவுடைய விரலுக்குள் இருந்த வெண்கட்டியை நான் வாங்கினேன். கேட்டு வாங்கியதாகக் கூட ஞாபகம் இல்லை.

பிறகு அவ கேட்ட அடுத்த கேள்விதான் என்னை உலுக்கியது. "இப்ப சேர் பேசக்குள்ள உங்களுக்கு எப்படி இருந்தது?"

ஹரோல்ட் சேர்ல்ஸ் என்ற அமெரிக்க உளமருத்துவர் 1955இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பெரிய டீச்சர் பிறகு சொன்னா. சிகிச்சை அறைக்குள் இரண்டு பேருக்கிடையில் நடந்தது, அதைப் பற்றிப் பேசும் மேற்பார்வை அறைக்குள்ளும் அதே சாயலில் வந்து நிற்குமாம். சமாந்தரச் செயல்முறை என்று இதற்குப் பெயர். பெயரை விடுங்கள். அந்தப் பிள்ளைக்கு நான் செய்ததை அந்தச் சேர் எனக்குச் செய்தார். அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்ட மாதிரி நானும் மூடிக்கொண்டேன். நான் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை என் உடம்பில் உணர்ந்தது அப்போதுதான். சேரும் அன்றைக்கு முழுக்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். அடுத்த மாதம் கேட்காமலேயே இஞ்சி கொண்டுவந்தார்.

இன்னொருவர் கேட்டா, "அவ ஏன் பிழையான விடைய எழுதினா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவவிடம் நான் கேட்டதே இல்லை.

திங்கட்கிழமை அவவுடைய பாடக்குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். அந்தத் திகதிக்குரிய பக்கம். படி 2: "பிழையான விடை வந்தால் அழிக்காமல் பலகையில் எழுதி, சரியா என்று மாணவர்களையே வரைபடம் மூலம் சோதிக்கச் செய்தல்." ஐந்தில் இரண்டு என்பது அரையை விடக் குறைவு. அரையுடன் ஒன்றைக் கூட்டினால் அரையை விடக் குறைவாக எப்படி வரும்? பிள்ளைகளே அதைக் கண்டுபிடிக்கட்டும் என்று அவ நின்றிருக்கிறா. நான் பதினைந்து வருடம் படிப்பித்து ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. கீழே சிவப்புப் பேனையில் என் கையொப்பம். வாசிக்காமல் போட்டது.

அந்தக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் பிரதிபலிப்புக் குறிப்பு என்று ஒன்று எழுத வேண்டும். டொனால்ட் ஷோன் 1983இல் எழுதிய புத்தகத்தைப் பற்றிப் பரீட்சைக்குப் பாடமாக்கினோம். செயலுக்குள் சிந்தித்தல், செயலுக்குப் பின் சிந்தித்தல் என்று இரண்டு வகை. ஐந்து புள்ளிக் கேள்வி. குறிப்புப் புத்தகத்திலோ "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர், நேர முகாமைத்துவத்தில் கவனம் செலுத்த வேண்டும்" என்று மூன்று மாதத்துக்கு உரியதை ஒரே இரவில் எழுதிக் கொடுத்தவள் நான். புள்ளியும் கிடைத்தது. எழுதியதை ஒருவரும் என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை. நானும் இந்தப் பிள்ளையிடம் கேட்கவில்லை.

இடைவேளைக்கு அவவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டீச்சர்" என்றா. பரவாயில்லை என்று சொல்பவர்களின் முகம் உங்களுக்குத் தெரியும்தானே. அடுத்த பாடத்துக்கு நான் பின்வாங்கில் இருந்தேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன் என்றால் நம்புவீர்களா? இரண்டு இடத்தில் எழும்ப வந்தது. எழும்பவில்லை. மூன்றாம் வரிசையில் இருந்த பிள்ளை ஒன்று, நான் சொல்ல நினைத்ததை என்னைவிட நன்றாகச் சொன்னது. அவ பழையபடி பேசத் தொடங்க ஆறு கிழமை எடுத்தது.

பயிற்சி முடிந்து அவ போய் இப்போது ஒரு வருடம். தூரத்தில் நியமனம். போன கிழமை கோல் எடுத்து, தன்னுடைய தரம் 6 பிள்ளைகளைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினா. வைக்கும் நேரத்தில், சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னா. அந்த வெண்கட்டிச் சம்பவத்துக்கு அடுத்த நாள், வழிகாட்டி ஆசிரியரை மாற்றித் தரும்படி கல்லூரிக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தாவாம். இரண்டு பக்கம். கொடுக்கவில்லை. ஆனால் கிழிக்கவும் இல்லை, இன்னும் வைத்திருக்கிறாவாம்.

அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்க எனக்கு அந்த நேரம் வாய் வரவில்லை.

வரும் சனிக்கிழமை குழுவில் என் முறை.