களத்தின் தரமும் கலைஞனின் தரமும்

வேல்ஸ் நாட்டின் தென்கரையில் அமைந்த சுவான்சி நகரில், புதிய விளையாட்டரங்கின் முன்றலிலே 2005ஆம் ஆண்டு உதைபந்தாட்ட வீரர் ஒருவரின் சிலை நிறுவப்பட்டது. அவர் பெயர் ஐவர் ஓல்சேர்ச். ‘பொன்மகன்’ என அந்நகர மக்கள் அவரை வாஞ்சையோடு அழைத்தனர். சிலை வைத்துப் போற்றப்படும் வீரரெனின், அவர் தம் வாழ்நாளைப் பெருங்கழகங்களிலே கழித்தவராதல் வேண்டும் என எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. 1949 முதல் 1968 வரை இங்கிலாந்தின் லீக் போட்டிகளில் ஆடிய அவர், அவற்றின் உச்சமாகிய முதலாம் பிரிவில் மூன்று பருவங்கள்கூட நிறைவாக ஆடியவரல்லர். எஞ்சிய காலமெல்லாம் கீழ்ப்பிரிவுகளிலேயே கழிந்தது. இம்முரண்பாடு சிந்தனைக்குரியது.

ஓல்சேர்ச் 1929ஆம் ஆண்டு சுவான்சியில் ஒரு தொழிலாளர் குடும்பத்திலே பிறந்தார். செப்புத் தொழிலும் நிலக்கரி ஏற்றுமதியும் வளர்த்த துறைமுக நகரம் அது. 1941 பெப்ரவரியில் மூன்று இரவுகள் தொடர்ந்து பொழிந்த ஜேர்மனியக் குண்டுகள் அதன் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கின. அப்போது அவருக்கு வயது பதினொன்று. அழிபாடுகளிடையே வளர்ந்த அந்தத் தலைமுறைக்கு, கடலோரத்தில், சிறைச்சாலை மதிலுக்கு அண்மையில் இருந்த வெற்ச் பீல்ட் மைதானம் சனிக்கிழமைதோறும் ஓர் ஆறுதலாயிற்று. கட்டாய இராணுவ சேவையை முடித்துவந்த ஓல்சேர்ச், 1949இன் இறுதியில் அம்மைதானத்தின் கழகமாகிய சுவான்சி ரவுணுக்காக லீக் போட்டிகளில் ஆடத் தொடங்கினார். கழகம் அப்போது இரண்டாம் பிரிவில் இருந்தது.

அக்காலத்தில் ஒவ்வோர் அணியிலும் முன்னணி வீரர் ஐவர் ஆடினர். நடுமுன்னணி வீரருக்கும் ஓரத்து வீரருக்கும் இடையில் நிற்பவரே உள்முன்னணி வீரர். பிறருக்குப் பந்தை வகுத்துக் கொடுப்பதும், தருணம் வாய்க்குமிடத்துத் தாமே கோல் போடுவதும் அவர் கடன். இவ்விரட்டைக் கடனை ஓல்சேர்ச் ஆரவாரமின்றி ஆற்றினார். 1950ஆம் ஆண்டிலேயே வேல்ஸ் தேசிய அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. பெருங்கழகங்கள் பல அவரை நாடின. ஆயினும் 1958 வரை அவர் சுவான்சியிலேயே இருந்தார்.

இதனை விசுவாசம் என்று புகழ்தல் எளிது. ஆனால், அன்றைய தொழில்முறை வீரரின் நிலையை அறியாது அங்ஙனம் புகழ்தல் பொருந்தாது. வீரர் எவருக்கும் கழகம் வழங்கக்கூடிய உச்ச ஊதியம் விதியால் வரையறுக்கப்பட்டிருந்தது. 1958இல் அது வாரத்துக்கு 20 பவுண். ஒப்பந்தம் முடிந்த பின்னரும் வீரரின் பதிவைக் கழகம் தன்வசம் வைத்துக்கொள்ளலாம். அதன் இசைவின்றி அவர் வேறொரு லீக் கழகத்தில் ஆட முடியாது. ஆகவே, பெருங்கழகத்துக்குச் செல்வதால் ஊதியம் பெரிதாக உயரப்போவதுமில்லை. செல்ல விரும்பினும் கதவின் திறப்பு அவர் கையில் இல்லை. பற்றினால் நின்றாரா, கட்டினால் நின்றாரா என்ற வினாவுக்கு அக்காலத்தை மட்டும் நோக்கி விடை காண இயலாது.

1958ஆம் ஆண்டு அவருடைய திறமையை உலகறியச் செய்தது. இஸ்ரேலுக்கு எதிரான இரு தகுதிகாண் ஆட்டங்களிலும் அவர் கோல் போட, வேல்ஸ் உலகக் கிண்ணப் போட்டிக்குச் சென்றது. சுவீடனில் மெக்சிக்கோவுக்கு எதிராகவும் அவரே கோல் போட்டார். பின்னர், ஹங்கேரியுடனான தீர்வாட்டத்தில் வேல்ஸ் பின்தங்கியிருந்த வேளை, பந்து நிலத்தில் விழுமுன் தொலைவிலிருந்தே அவர் உதைத்த உதை சமநிலையைத் தந்தது. வேல்ஸ் இரண்டுக்கு ஒன்று என வென்றது. அவ்வரிய கோலைக் களத்திலிருந்து நேரிற் கண்டோர் மூவாயிரம் பேருக்கும் குறைவு. காலிறுதியில், ஜோன் சார்ள்ஸ் காயத்தால் ஆடாத நிலையில், பிறேசிலிடம் ஒரு கோலினால் வேல்ஸ் தோற்றது. அக்கோலைப் போட்டவர் பதினேழு வயதுப் பேலே. வேல்ஸ் மீண்டும் உலகக் கிண்ணப் போட்டியில் ஆட 2022 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று உலகின் முதல் எட்டு அணிகளுள் ஒன்றைத் தாங்கி நின்றவர் இரண்டாம் பிரிவு வீரர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அவ்வாண்டு ஒக்டோபரில் முதலாம் பிரிவிலிருந்த நியூகாசில் கழகம் அவரைப் பெற்றது. அங்கு அவரோடு ஆடியவர் ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாம். பின்னர் இவர் தொடுத்த வழக்கிலேதான், வீரரைத் தடுத்துவைக்கும் அவ்விதி நியாயமற்றதென 1963இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊதிய வரம்பு 1961இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதே 1961இல் நியூகாசில் முதலாம் பிரிவிலிருந்து இறங்கியது. ஓல்சேர்ச் 1962இல் இரண்டாம் பிரிவிலிருந்த கார்டிவ் கழகத்துக்குச் சென்றார். சுதந்திரம் பிறந்தபோது அவருடைய இளமை கழிந்துவிட்டது.

1965இல் அவர் சுவான்சிக்குத் திரும்பினார். கழகம் அப்போதுதான் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது. 1967இல் நான்காம் பிரிவுக்கும் இறங்கியது. அவரும் அதனோடு இறங்கினார். தேசிய அணிக்காக 68 ஆட்டங்களில் 23 கோல்கள் போட்டவர், நாட்டின் அதிதாழ்ந்த லீக் பிரிவில், முப்பத்தெட்டாவது வயதில், அதே வெற்ச் பீல்டில் ஆடினார். சுவான்சிக்காக அவர் போட்ட 166 லீக் கோல்களை அக்கழகத்தின் வேறெந்த வீரரும் எட்டவில்லை.

1968இல் லீக் வாழ்வு முடிந்தது; ஆட்டம் முடியவில்லை. வூஸ்ரர், ஹவர்போர்ட்வெஸ்ற் ஆகிய ஊர்களின் கழகங்களிலும், ஈற்றில் சுவான்சிக்கு வடக்கேயுள்ள பொன்ரடாவி என்னும் சிற்றூரின் கழகத்திலும் ஏறத்தாழ ஐம்பது வயது வரை அவர் ஆடினார். முன்னர் எழுந்த வினாவுக்கு விடை இங்கேதான் கிடைக்கின்றது. அவரைக் கட்டிவைத்த விதி அப்போது இல்லை. புகழுக்கும் தேவை இல்லை. பொருள் பெருகவும் வழியில்லை. பந்து மட்டுமே இருந்தது. கட்டு அறுந்த பின்னும் அகலாது நிற்பதே பற்று. விதியின் கொடுமையை அப்பற்று நியாயப்படுத்தாது. விதியினால் அப்பற்று பொய்யாவதுமில்லை.

1997இல் ஓல்சேர்ச் மறைந்தார். பிரிவுகளும் பட்டியல்களும் களத்தின் தரத்தைக் குறிக்கலாம். களத்தில் இறங்கும் கலைஞனின் தரத்தை அளக்க அவை போதா. சிற்றூர்க் களத்தில் நரைத்த தலையோடு அவர் பந்தைத் தொட்டதைக் கண்டவர்கள், சுவீடனிற் கண்டவர்களிலும் குறைந்ததொன்றைக் கண்டார்கள் எனக் கூறவியலாது.