அந்த டயலைத் தொடமாட்டேன்

1945 சைமா. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு 12 கம்பெனிங்க செஞ்சு கொடுத்த வாட்ச் வரிசையில ஒண்ணு.
பின்மூடியில மூணு டபிள்யூ, ஒரு அம்புக்குறி.

படம் பார்த்த நண்பர், "டயலுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சுடுங்க"ன்னார்.

மனசு ஒப்பல.

எண்கள் இப்ப இருட்டுல ஒளிராது. அந்தப் பூச்சுல ஓய்ஞ்சுபோனது ஒளிர்ற துத்தநாக சல்பைடுதான். ரேடியம் அப்படியே இருக்கு, அரை ஆயுள் சுமார் 1600 வருஷம். சுரண்டினா தூசி மூச்சுல போகும்.
(தூரிகையை உதட்டுல கூராக்கி ரேடியம் பெயின்ட் பூசின அமெரிக்கப் பெண்கள் எத்தனை பேர் செத்தாங்க!)

மெஷினை மட்டும் கழுவி எண்ணெய் விடக் கொடுத்திருக்கேன்.

ஆனா ராணுவமே பின்னாடி பல வாட்ச்சுல ரேடியம் டயலை எடுத்துட்டு டிரிடியம் டயல் போட்டிருக்கு.
அதை அசல்னு ஏத்துப்பீங்களா?